முதல் நாள் கொடுக்கும் எட்டுப் பக்கம்

ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வாக்கில் அமெரிக்கக் கல்லூரிகள் திறக்கும். செப்டம்பர் கடைசியில் எனக்கு மெயில்கள் வர ஆரம்பிக்கும். இங்கே ஒரு கல்லூரியில் பதினோரு வருடமாக முதலாண்டு எழுத்து வகுப்பு எடுக்கிறேன் என்பது இந்தப் பகுதியை வழக்கமாகப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதனால், பிள்ளையை இங்கே அனுப்பிவைத்த அப்பா அம்மாக்கள் முதல் கட்டுரைக்கு மார்க் வந்த கையோடு என்னைத் தேடுகிறார்கள்.

இந்த வாரம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓர் அப்பா. பையன் இல்லினாய் மாநிலத்தில் கம்ப்யூட்டர் படிக்கப் போயிருக்கிறான். பிளஸ் டூ ஆங்கிலத்தில் 100க்கு 96. கல்லூரியில் முதல் கட்டுரைக்கு மார்க்கே வரவில்லை. ‘என்னை வந்து பார்’ என்று ஒரே ஒரு வரி. போய்ப் பார்த்தால், கட்டுரையில் ஆறு வரிகள் ஓர் இணையக் கட்டுரையில் உள்ளபடியே இருக்கின்றனவாம்; எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பு இல்லையாம். அப்பா கேட்கிறார்: “மேடம், சரியான விஷயத்தைத்தானே எழுதியிருக்கிறான்? ஒரு எழுத்துப்பிழை கூட இல்லை. இதைப் போய் திருட்டு என்கிறார்களே, நியாயமா?”

நியாயமா என்பதற்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன் சார். முதலில் நான் ஒன்று கேட்க வேண்டும். முதல் நாள் வகுப்பில் கொடுத்த அந்த ஏழெட்டுப் பக்கத்தைப் பையன் படித்தானா?

நம் ஊரில் சிலபஸ் என்றால் பாடத்திட்டம். எந்த யூனிட்டில் எந்தப் பாடம் என்ற பட்டியல்; பரீட்சைக்கு முந்தின வாரம் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள்வோம். இங்கேயும் அதே பெயர்தான், ஆனால் ஆள் வேறு. எத்தனை நாள் லீவு போடலாம், தாமதமானால் எவ்வளவு கழிப்பார்கள், எந்த வேலைக்கு எத்தனை சதவீதம், அடுத்தவர் வரியை எப்படி எடுத்தாள வேண்டும், ஏஐ பயன்படுத்தலாமா கூடாதா, எல்லாவற்றையும் எழுதி முதல் நாளே கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்ற பேச்சு எடுபடாது. வாடகை வீட்டு அக்ரிமென்ட் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் நாம் என்ன படிக்கிறோம்? வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு. பிள்ளைகளும் அப்படித்தான். சதவீதப் பட்டியலை மட்டும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு மீதியை மூடிவிடுகிறார்கள்.

‘கம்ப்யூட்டர் படிக்கப் போனவனுக்கு எதற்குக் கட்டுரை வகுப்பு?’ என்று பாதிப் பேர் கேட்பார்கள். ஹார்வர்டு 1874ல் நுழைவுத் தேர்வில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லி ஆரம்பித்துவைத்தது. 1885ல் அங்கே முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்து வகுப்பு வந்தது. அங்கிருந்து நாடு முழுக்கப் பரவிவிட்டது. இன்று எந்தத் துறையில் பட்டம் வாங்குவதாக இருந்தாலும், பெரும்பாலான கல்லூரிகளில் இந்த வகுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும். பல இடங்களில் வெறும் பாஸ் போதாது. சி கிரேடாவது வேண்டும். வகுப்பில் இருபது, இருபத்தைந்து பேர்தான் இருப்பார்கள் என்பதால் கடைசி பெஞ்ச் என்று ஒன்று கிடையாது.

வருகைப்பதிவு, கெடு இரண்டும் நம் பிள்ளைகளுக்குப் பிரச்சினை இல்லை. அதிலெல்லாம் கெட்டி. அடி வாங்குவது ‘பங்கேற்பு’ என்ற வரியில். என் வகுப்பில் அதற்கு 10 சதவீதம். வகுப்பில் பேச வேண்டும். கேள்வி கேட்க வேண்டும். ‘நீங்கள் சொன்னதை நான் ஒப்புக்கொள்ளவில்லை’ என்று வாத்தியாரிடமே சொல்லலாம். நாம் பிள்ளைகளை எப்படி வளர்த்திருக்கிறோம்? பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே. வாத்தியார் சொன்னால் தலையாட்டு. மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பையனைப் பார்த்து இங்குள்ள ஆசிரியர் என்ன நினைக்கிறார் தெரியுமா? படிக்காமல் வந்திருக்கிறான் என்று. இது ஆசிரியரின் புரியாமை என்று சொல்வேன். ஆனால் மார்க் அவர் கையில்தானே இருக்கிறது.

இன்னொன்று, பெயர் சொல்லிக் கூப்பிடுவது. சில ஆசிரியர்கள் முதல் நாளே ‘என்னைப் பெயர் சொல்லியே கூப்பிடுங்கள்’ என்பார்கள். நம் பிள்ளைகளுக்கு அது வாயில் வராது. ஒரு செமஸ்டர் முழுக்கக் கூப்பிடாமலே ஓட்டிய ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். ‘ப்ரொஃபசர்’ என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், அதோடு விட்டுவிடலாம்.

இனி மார்க். நம் கலைக் கல்லூரிகளில் பொதுவாக 75 மார்க் கடைசித் தேர்வுக்கு, 25 உள்மதிப்பீட்டுக்கு. கடைசி மாதம் விழுந்து விழுந்து படித்தால் கரையேறிவிடலாம். இங்கே எழுத்து வகுப்பில் பெரும்பாலும் கடைசித் தேர்வே கிடையாது. மூன்று நான்கு கட்டுரைகள். ஒவ்வொன்றுக்கும் முதல் வரைவு, சக மாணவர் படித்துக் கருத்து எழுதுவது, திருத்திய வரைவு, அதற்குப் பிறகுதான் இறுதி வடிவம். ஒவ்வொரு படிக்கும் மார்க் உண்டு. இறுதிக் கட்டுரை எவ்வளவு பிரமாதமாக இருந்தாலும் வரைவு இல்லையென்றால் அடி விழும். ‘ஒரே மூச்சில் எழுதிவிடுவேன் மேடம்’ என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகள் முதலில் சறுக்குவது இங்கேதான். தோழனின் கட்டுரையைப் படித்துவிட்டு ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தாலும் பூஜ்யம்தான். எங்கே புரியவில்லை, எங்கே நம்ப முடியவில்லை என்று சொல்ல வேண்டும். அவன் மனம் நோகுமே என்று நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள்.

ஏ, பி, சி, டி, எஃப். நடுவில் ஈ எங்கே போனது என்று என் மாமியார் ஒருமுறை கேட்டார். மாசச்சூசெட்ஸில் மவுன்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரி 1897ல் இந்த எழுத்துத் தரத்தைக் கொண்டுவந்தபோது ஈதான் ஃபெயில்! 95க்கு மேல் ஏ. 75க்குக் கீழே போனால் ஈ. பிறகு எஃப் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது.

கட்டுரைக்கு மார்க் போடுவது ஆளுக்கு ஆள் மாறாதா? மாறும். ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1912ல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரே ஆங்கில விடைத்தாளைப் பிரதியெடுத்துப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பினார்கள். அறுபதுகளில் மார்க் போட்டவர்களும் இருந்தார்கள், 95க்கு மேல் அள்ளிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இன்றைய சிலபஸில் ‘ரூப்ரிக்’ என்று ஒரு கட்டம் போட்ட அட்டவணை இருக்கிறதே, அது இந்தச் சங்கடத்தைக் கொஞ்சமாவது குறைப்பதற்காகத்தான். வாதத்துக்கு இவ்வளவு, ஆதாரத்துக்கு இவ்வளவு, அமைப்புக்கு இவ்வளவு, நடைக்கு இவ்வளவு என்று பிரித்திருக்கும். ‘இலக்கணப் பிழைக்கு எவ்வளவு கழிப்பார்கள்?’ என்றுதான் எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். நீங்கள் நினைப்பதை விடக் குறைவு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970ல் நகரத்தின் பள்ளி முடித்த பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டபோது, மீனா ஷானஸி என்ற ஆசிரியை அவர்கள் எழுதிய நான்காயிரம் கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். பிழைகள் முட்டாள்தனத்தால் வரவில்லை, ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது என்று 1977ல் ஒரு புத்தகம் எழுதினார். எங்களைப் போன்றவர்கள் சிவப்பு மையைக் குறைத்துக்கொண்டதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

அப்படியானால் எதற்குத்தான் ஏ போடுகிறார்கள்?

இதுதான் நம் வீடுகளில் புரியாத இடம். சிலபஸில் எழுதியே இருக்கும்: கேட்டதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தால் சி. நம் கணக்கில் கேட்டதையெல்லாம் செய்தால் சென்டம்! இங்கே அது நடுத்தரம். (நடைமுறையில் இப்போதெல்லாம் பலர் பி போட்டுவிடுகிறோம் என்பது வேறு கதை.) ஏ வாங்க வேண்டுமானால், நீ என்ன நினைக்கிறாய், ஏன் அப்படி நினைக்கிறாய் என்பது கட்டுரையில் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் செல்போனைத் தடை செய்யலாமா என்று ஒரு தலைப்பு கொடுத்தேன். தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு மாணவன் எழுதினான். முன்னுரை. செல்போனின் நன்மைகள் ஐந்து. தீமைகள் ஐந்து. முடிவுரையில், ‘அளவோடு பயன்படுத்தினால் அமுதம், அளவுக்கு மிஞ்சினால் நஞ்சு’ என்பதன் ஆங்கில வடிவம். நீங்களும் நானும் எட்டாம் வகுப்பில் எழுதிய அதே கட்டுரை. ஒரு பிழை கிடையாது. சி பிளஸ் போட்டேன்.

கோபமாக வந்தான். “எதை விட்டுவிட்டேன் சொல்லுங்கள்” என்றான். “உன்னைத்தான் விட்டுவிட்டாய். தடை செய்யலாம் என்கிறாயா, கூடாது என்கிறாயா?” என்றேன். யோசித்தான். “ரெண்டு பக்கமும் சொல்றதுதானே மேடம் நல்ல கட்டுரை?” அதன் பிறகு பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அவன் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் இரண்டு வருடம் இருந்தவன். செல்போன் அறவே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே ஒரு லேண்ட்லைன் முன்னால் நூறு பையன்கள் வரிசை. ஆளுக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் அம்மாவிடம் என்ன சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்வானாம். “போன் இல்லாததால் நன்றாகப் படித்தாயா?” என்று கேட்டேன். “படிச்சேன் மேடம். ஆனா யாரோடயும் சண்டை போட்டா, சமாதானமாகப் பேசுறதுக்குக் கத்துக்கிட்டதும் அங்கதான். போன் இருந்திருந்தா ப்ளாக் பண்ணிட்டுப் போயிருப்பேன்” என்றான்.

அமெரிக்க வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இருபது பேரில் வேறு யாராலும் எழுத முடியாத விஷயம் அவனிடம் இருந்தது. அதை எழுதாமல் நன்மை ஐந்து, தீமை ஐந்து என்று அடுக்கியிருந்தான். அதைக் கட்டுரையில் சொல்லலாம் என்று இத்தனை வருடத்தில் யாரும் அவனிடம் சொல்லவில்லை. ‘நான்’ என்ற சொல்லே கட்டுரையில் வரக் கூடாது என்றுதான் அவனுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இரண்டாம் வரைவில் அந்த வரிசை வந்தது, நோட்டின் கடைசிப் பக்கமும் வந்தது. வகுப்பு நேரத்தில் தடை வேண்டும், மதிய இடைவேளையில் வேண்டாம் என்று ஒரு பக்கம் சாய்ந்து, அதற்குக் காரணமும் சொன்னான். அங்கங்கே ஆங்கிலம் தடுக்கியது. ஏ மைனஸ்.

இப்போது அந்த அப்பாவின் கேள்வி. ஆறு வரி திருட்டா?

விதிப்படி, ஆமாம். அடுத்தவர் எழுதிய வரியை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறி போட வேண்டும். யார் எழுதியது, எங்கே எழுதியது என்று சொல்ல வேண்டும். சொற்களை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றிப் போட்டாலும் தப்ப முடியாது. அதுவும் இதே கணக்கில்தான் வரும். நம் பையனுக்கு இது அநியாயமாகப் படுவது எனக்குப் புரிகிறது. கோனார் நோட்ஸில் இருப்பதை வரி பிசகாமல் எழுதினால் நமக்குக் கிடைத்த பெயர் ‘நல்லா படிக்கிற பையன்’. சொந்தமாக எழுதினால்தான் மார்க் குறையும். பன்னிரண்டு வருடம் எதற்குக் கைதட்டினோமோ அதற்கே பதின்மூன்றாம் வருடம் தண்டனை என்றால் யாருக்குத்தான் குழப்பம் வராது? முதல் தடவையிலேயே பையனை உட்காரவைத்துப் பேசாமல் நேரே புகார் படிவத்தை நிரப்புகிற ஆசிரியர்களை எனக்குப் பிடிக்காது. ‘வந்து பார்’ என்று எழுதியவர் நல்லவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆனால், ‘எங்கள் பண்பாட்டில் இது தப்பில்லை’ என்று மட்டும் அங்கே போய்ச் சொல்லிவிட வேண்டாம். அது உண்மையும் இல்லை. தொல்காப்பியரே ஒரு விதியைச் சொல்லிவிட்டு ‘என்ப’, ‘என்மனார்’ என்று முடிக்கிறார். எனக்கு முன்னால் இருந்த அறிஞர்கள் இப்படிச் சொல்வார்கள் என்று அர்த்தம். பழைய உரையாசிரியர்கள் தமக்கு முந்தைய உரைகாரர் சொன்னதை எடுத்துக்காட்டி, ஒப்புக்கொண்டும் மறுத்தும்தான் எழுதியிருக்கிறார்கள். யார் சொன்னது என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருந்ததுதான். அதை நோட்ஸ் காலத்தில் தொலைத்துவிட்டோம்.

பையன் செய்ய வேண்டியது இதுதான். ஆசிரியரின் ஆபீஸ் அவர்ஸ் எப்போது என்று சிலபஸின் முதல் பக்கத்திலேயே இருக்கும். அந்த நேரத்தில் மாணவர்களுக்காகவே கதவைத் திறந்துவைத்திருப்பார்கள். திட்டு வாங்கப் போகிற இடம் என்று நினைத்து நம் பிள்ளைகள் அந்தப் பக்கமே போவதில்லை. தன் குறிப்புகளையும் வரைவுகளையும் எடுத்துக்கொண்டு போகட்டும். நடந்ததை நடந்தபடி சொல்லட்டும். ‘நண்பன் தட்டச்சு செய்து கொடுத்தான்’ என்ற மாதிரிக் கதைகள் வேண்டவே வேண்டாம். எடுத்ததை விடப் பொய்தான் பெரிய குற்றமாகிவிடும். முதல் தடவை என்றால் பல இடங்களில் திருத்தி எழுதச் சொல்வதோடோ அந்தக் கட்டுரைக்குப் பூஜ்யம் போடுவதோடோ முடியும். வகுப்பிலேயே எஃப் போடுகிற கல்லூரிகளும் இருக்கின்றன. சிலபஸில் எது எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். புகார் எழுத்தில் வந்தால் பதில் சொல்லவும் மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. எதைப் படிக்காமலும் கையெழுத்துப் போடக் கூடாது.

பயந்துபோய் வகுப்பை டிராப் செய்துவிடவும் கூடாது. எஃப்-1 விசாவில் இளங்கலை படிக்கிறவர்கள் செமஸ்டருக்குக் குறைந்தது 12 கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் அதற்குக் கீழே இறங்கினால் விசாவுக்கே ஆபத்து. வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம்.

அப்புறம் சார், நீங்கள் ஆசிரியருக்கு நேரடியாக மெயில் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அனுப்பினாலும் பதில் வராது. 1974ல் வந்த ஃபெர்பா என்ற சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மதிப்பெண் விவரம் பிள்ளைக்குச் சொந்தம். ஃபீஸ் கட்டுவது நீங்கள்தான் என்றாலும், பிள்ளையின் சம்மதம் இல்லாமல் ஆசிரியர் உங்களிடம் வாய் திறக்க மாட்டார். நம்மில் பலருக்கு இது கசக்கும். பிள்ளை எதையும் மறைக்காமல் சொல்கிற மாதிரி வீடு இருந்தால் சட்டம் ஒன்றும் குறுக்கே வராது.

கடைசியாக, இந்த இரண்டு மூன்று வருடங்களில் சிலபஸில் புதிதாக முளைத்திருக்கும் பக்கம்: ஏஐ. இதில் ஆசிரியருக்கு ஆசிரியர் விதி மாறும். ஒருவர் அறவே கூடாது என்பார். இன்னொருவர் யோசனைக்கு மட்டும் என்பார். மூன்றாமவர் பயன்படுத்து, ஆனால் எங்கே எப்படி என்று எழுதிக்கொடு என்பார். பக்கத்து வகுப்பு விதியை நம்பி இந்த வகுப்பில் மாட்டிக்கொள்ளக் கூடாது. எழுதியது மனிதனா இயந்திரமா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களை நான் நம்புவதில்லை. ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், வெளிநாட்டு மாணவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை இப்படிப்பட்ட ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கு மேல் ‘இயந்திரம் எழுதியது’ என்று வந்தது. எளிய சொற்களில், பழகிய வாக்கியங்களில் எழுதினால் கருவிக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நம் பிள்ளைகள் எழுதுவது அப்படித்தானே?

அதனால் கட்டுரையை ஆரம்பத்திலிருந்தே கூகுள் டாக்ஸ் போன்ற ஒன்றில் எழுதச் சொல்லுங்கள். எந்த நாள், எந்த நேரத்தில், எந்த வரியைச் சேர்த்தான், எதை அழித்தான் என்று வரலாறு முழுக்க அதில் இருக்கும். நாளைக்கு ஒரு கேள்வி வந்தால் திறந்து காட்டலாம். வேறெங்கோ எழுதிவிட்டு மொத்தமாகக் கொண்டுவந்து ஒட்டினால் அந்த வரலாறு கிடைக்காது.

அம்மாக்களுக்கு ஒரு வேண்டுகோள். கட்டுரைக்கான கெடு பெரும்பாலும் இரவு 11:59. அதுவும் கல்லூரி இருக்கும் ஊரின் நேரப்படி. இல்லினாய் என்றால் நமக்கு மறுநாள் காலை 10:29. வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு ‘சாப்பிட்டியா கண்ணு’ என்று நீங்கள் வீடியோ காலில் வருவதும் சரியாக அந்தப் பத்தேகாலுக்குத்தான். அவன் கட்டுரையை ஏற்றிக்கொண்டிருப்பான். பதினொரு மணிக்குக் கூப்பிடுங்கள். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைப்பார்கள். அதிலிருந்து பன்னிரண்டு மணிக்கு.